மூன்று வீட்டுக்குப் போன சத்து மாத்திரை

1

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பெட்டி கட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் என் வேலை. பாரீசுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில், ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் எங்கள் சங்கத்துக்கு ஓர் அறை இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள், இருமிக்கொண்டே காபி போடும் ஒரு மெஷின், ரத்தப் பரிசோதனைக்கு அழைக்கும் சுவரொட்டி. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். ஊர் என்றால் ஆப்பிரிக்காவில் தக்கார், துவாலா, அபிஜான், இல்லாவிட்டால் கரீபியன் கடலில் குவாதலூப் தீவு. எல்லாரும் கறுப்பின ஆண்கள், ஆண்களை நேசிக்கும் ஆண்கள். அதில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

வகுப்பில் நான் சொல்வது கொஞ்சம்தான். மாத்திரை அதனுடைய சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். கைப்பையில் வர வேண்டும். டாக்டர் கடிதம் வேண்டும், அதில் நோயின் பெயர் தேவையில்லை. தங்கும் நாளுக்கு மேல் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி விதி வரும்போது எழுந்து நிற்பேன். ஒரு சத்து மாத்திரை டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இதில் மாற்றிக்கொண்டு போகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போடுவேன். டங்கென்று சத்தம் வரும். எல்லாரும் கை தட்டுவார்கள்.

ஏன் இந்த வகுப்பு என்றால், எங்கள் ஆட்கள் ஊருக்குப் போனால் மாத்திரையை ஒளிப்பார்கள், அல்லது ஒரு மாதம் நிறுத்திவிடுவார்கள். அம்மா பார்த்துவிடுவாள், தங்கை கேட்பாள் என்ற பயம். திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். ஒருத்தர் திரும்பியே வரவில்லை. அதற்குப் பிறகுதான், பயணம் போகிறவர்களுக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுங்கள் என்று நாங்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். பயணத்தின் காரணம் என்று ஒரு படிவம். வேலை, விடுமுறை என்று இரண்டே கட்டம். அம்மா செத்துப்போனால் எதில் டிக் போடுவது? எங்கள் சங்கத்தை நடத்தும் மார்செல் பேனாவை எடுத்து இரண்டு கட்டத்துக்கும் நடுவே "துக்கம்" என்று எழுதிக் கொடுத்தார். அதைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினார். ஒன்றரை வருடம் அப்படியே போனது. கடைசியில் அந்த மூன்றாவது கட்டம் வந்தது, மருந்தும் வந்தது.

2

கறுப்பர்களின் சங்கத்தில் புதுச்சேரிக் கருவடிக்குப்பத்துக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வாசற்படியில் நின்றுகொண்டு நானே அதைக் கேட்டேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் எனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னார்கள். சொல்வதற்கு முன்னால், "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?" என்று கேட்டார்கள். ஐயையோ, வேண்டவே வேண்டாம் என்றேன். வருகிறவர் நம்ம ஆளாக இருப்பார். நல்ல மனுஷராகவே இருப்பார். ஆனால் அவருடைய மச்சினிக்கு எங்கள் ஊர் உப்பளத்தில் வீடு இருக்கும். எனக்கு விஷயம் புரிவதற்குள் புதுச்சேரிக்குத் தெரிந்துவிடும். எனக்கிருந்த பிரெஞ்சு அரைகுறை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, அதனால் குடியுரிமை வீட்டோடு வந்தது. மொழியை அக்கா கான்வென்டில் படித்தாள், நான் தெருவில் பந்து விளையாடினேன். "மாத்திரையைச் சாப்பிட்டேன்" என்று நம்ம வழக்கப்படியே பிரெஞ்சில் டாக்டரிடம் சொன்னேன். அவர் பதறிப்போய் "மென்றா சாப்பிட்டீர்கள்?" என்றார். இப்படித்தான் என் வைத்தியம் ஆரம்பித்தது.

நர்ஸ் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். சலவைக்கடையைச் சுற்றி மூன்று தடவை நடந்துவிட்டுக் கதவைத் தட்டினேன். ஆறடி உயரத்தில் மார்செல் நின்றார். அவர் பேசியது பிரெஞ்சு, நான் நம்ம பேச்சில் தருகிறேன்.

"யாரு வேணும்?"

"இது கறுப்பர்கள் சங்கமாமே. நான் கறுப்பன் இல்லையே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் வூட்ல கண்ணாடி இருக்கா?" என்றார். பிறகு, "உள்ள வா, காபி ஆறுது."

நகரின் நடுவில் எங்களைப் போன்ற ஆண்களுக்கென்று மதுக்கடைகள் உண்டு. வாசலில் நிற்கும் தடியன் மார்செலையும் என்னையும் ஒரே பார்வைதான் பார்ப்பான். 'கே' என்று அந்தக் கடைகளில் புழங்கும் பெயரைக்கூட மார்செல் தனக்குச் சூட்டிக்கொள்வதில்லை. "நாம ஆம்பளைங்கள நேசிக்கிற ஆம்பளைங்க, அவ்ளோதான்" என்பார். எங்களுக்கென்று நாற்காலி போட யாரும் இல்லாததால் அவரே நாற்காலி வாங்கினார். முடிதிருத்தும் கடை, தொழிலாளர் விடுதி, ஞாயிறு ஜெபக்கூட்டம் என்று போகாத இடமில்லை. எங்கேயும் கும்பிடு போடாமல், குரலை உயர்த்தாமல் இந்த நோயைப் பற்றிப் பேசுவார். எத்தனை இடத்தில் கதவைச் சாத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும், கூடப் போனவன் நான்.

முதல் வருடம் எனக்கு நிமோனியா வந்தது. மூன்று மாதம். மார்செல் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் டப்பாவில் சாப்பாடு கொண்டு வருவார். அவர் பிறந்த குவாதலூப் தீவுக்கு நம்ம கடற்கரையிலிருந்து அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட ஆள் ஏற்றிப் போயிருக்கிறார்கள், அவர்களோடு மசாலாவும் போயிருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் எங்கள் வீட்டுக் குழம்பு வாசனை. நான் அழுதேன். உப்பு கூடிவிட்டதா என்று கேட்டார்.

இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. "வேலை ஜாஸ்தி, அதான் இந்த வருஷம் வரல" என்று போனில் சொன்னேன்.

3

எங்கள் மாதா கோயிலில் அம்மாவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு இந்த முறை மூன்று வாரம் ஊருக்கு வந்தேன். மாத்திரை கைப்பையில்தான் வந்தது. டாக்டர் கடிதம் இருந்தது. ஒரு மாதம் கூடுதலாகவும் இருந்தது. டப்பாதான் வேறு.

ஆமாம். வகுப்பெடுக்கிற நான்தான். கிளம்புவதற்கு முந்தின நாள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப்பழப் படம் போட்ட இரண்டு சத்து மாத்திரை டப்பாக்களில் மாற்றினேன். தனியாக இருக்கிற வீட்டில் எதற்குத் தாழ்ப்பாள் என்று கேட்காதீர்கள். அக்கா பிரெஞ்சும் இங்கிலீஷும் படித்தவள். பெயரைப் பார்த்தால் போனில் தேடிவிடுவாள் என்று பயம். மேடையில் பேசிய இத்தனை வருடமும் அந்த அரைமணி நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

அந்த ஆரஞ்சு டப்பா எங்கள் வீட்டுக்குப் பழக்கமானது. வருடா வருடம் அம்மாவுக்கு நான் கொண்டுவந்தது அதைத்தான். இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரியும். பிரான்சிலிருந்து ஆள் வந்தால் தெருவில் நாலு வீட்டுக்காவது ஏதாவது போக வேண்டும். சோப்பு, சென்ட், சாக்லேட், மூட்டுவலிக் களிம்பு. போகாவிட்டால் அக்காவுக்குத் தலைக்குனிவு. பை என்னுடையது, பெட்டி என்னுடையது, திறக்கிற கை மட்டும் அவளுடையது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆறாம் நாள் காலை பையைத் துழாவினேன். ஒரு டப்பாதான் இருந்தது. அக்கா அடுப்பங்கரையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, பையில இன்னொரு டப்பா இருந்துச்சே?"

"சத்து மாத்திரையா? வந்த மறுநாளே எடுத்துட்டேன்டா. அம்மா இருந்தா அம்மாக்குத்தான குடுத்திருப்ப? அதான் அம்மா பேர சொல்லி, டீச்சர் வூடு, மணி அண்ணன், சரோஜாம்மான்னு மூணு பேருக்கும் பத்து பத்தா மடிச்சிக் குடுத்தேன். ஏன், இன்னா ஆச்சி?"

மொட்டைமாடிக்கு ஓடி மார்செலுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் சிரித்தார். நிறுத்த முடியாமல், இருமி இருமிச் சிரித்தார். பெட்டி வாத்தியாரே என்றார். பிறகு சட்டென்று குரல் மாறியது.

"அதுல யாருக்காவது சர்க்கர, கிட்னி கோளாறு இருக்கா?"

"ஒரு அம்மாவுக்கு ரெண்டும் இருக்கு."

"ஓடு. மொதல்ல மாத்திரைய வாங்கு. அப்பறம் உக்காந்து அழலாம்."

4

அக்காவிடம், "அது காலாவதியான மாத்திரை, தப்பா எடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். அவள் கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டினாள்.

டீச்சர் வீட்டில் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. மணி அண்ணன் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று குறைந்தது. "வேற இருந்தா குடு தம்பி, முட்டி வலி பாதியா கொறஞ்சிருக்கு" என்றார். மூன்றாவது சரோஜாம்மா வீடு. வாசலில் ஆட்டோ நின்றது. நாலு நாளாக ஒவ்வொரு காலையும் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இதையும் போட்டிருக்கிறார். அம்மா பேர் சொல்லிக் கொடுத்ததாயிற்றே, மறக்காமல் போட்டிருக்கிறார். இரண்டு நாளாக வாந்தி, தலைசுற்றல். மருமகள் கலா அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"காலாவதியான மாத்திரையாமே?" என்றாள் கலா. அக்கா முன்னாலேயே தகவலைச் சொல்லிவிட்டு, மீன் பாதியில் கிடக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

மற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இவருடைய டாக்டருக்கு மாத்திரையின் பெயர் தெரிய வேண்டும். அந்த மருந்து சர்க்கரை மாத்திரையை உடம்பில் கூட்டிவிடும், கிட்னி சரியில்லாதவருக்கு அது ஆபத்து என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நானும் ஆட்டோவில் ஏறினேன். வழி முழுக்க எனக்குள் ஒரே வாதம்தான். டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். நண்பருடையது என்று சொல்லலாம்.

டாக்டர் சின்னப் பெண். மூன்று பேரும் அவர் மேசைக்கு முன்னால் நின்றோம், தனியாகப் பேச இடமே இல்லை. மாத்திரையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் மருந்தின் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"இது எச்.ஐ.வி. மருந்தாச்சே. யாரோடது?"

"என்னுது" என்றேன். "நான் போடறது. பத்தொம்போது வருஷமா மருந்துல இருக்கேன்."

அவ்வளவுதான். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். "சர்க்கரை மாத்திரைய இன்னிக்கு நிறுத்திடுங்கம்மா. ரத்தம் பாக்கலாம். நீங்க பேரு சொன்னது நல்லதாப் போச்சு சார், இல்லன்னா இன்னும் ஒரு வாரம் போட்டிருப்பாங்க." இரண்டு நாள் படுக்க வைத்தார்கள்.

வார்டில் இடம் கிடைக்கும்வரை பெஞ்சில் காத்திருந்தபோது சரோஜாம்மா என் பக்கம் திரும்பினார்.

"எய்ட்ஸ் மாத்திரையா தம்பி அது?"

"அந்த நோய் வராம பாத்துக்கற மாத்திரைம்மா. கிருமி எனக்கு இருக்குது."

"மாத்திரையால எனக்கு வருமா?"

"வராது. எங்கிட்டேர்ந்தும் யாருக்கும் வராது. ஒழுங்கா மருந்து போட்டா கூடப் படுக்கறவங்களுக்கே வராது."

"நெசமா?"

"நெசமாம்மா."

கலா தண்ணீர் பிடித்து வருவதாக எழுந்து போனாள். எனக்கு வெகுநாள் கழித்து மூச்சு நன்றாக வந்தது. பயமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டேன். கருவடிக்குப்பத்துக்காரர் இரண்டு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடமும் சொன்னேன். அதே வார்த்தைகளில். அவள் என்னைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை.

"கலா முன்னாடியா சொன்ன?"

"ஆமாக்கா."

புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே போனாள். மாலை நாலு மணி இருக்கும். கோயிலுக்குப் போகிறாள், அழுதுவிட்டு வரட்டும் என்று நினைத்தேன்.

5

ஞாயிறு காலைப் பூசைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று எதிர்பார்த்தேன். மனதைத் தயார் செய்துகொண்டேன். வராத ஆட்களை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எல்லாரும் வந்தார்கள். டீச்சரும் அவர் கணவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மணி அண்ணன் தோளில் தட்டினார். "ஒனக்குப் பெரிய மனசு தம்பி. அந்த ஆப்பிரிக்காக்காரனுங்களுக்கு நீதான் மருந்து மாத்திரையெல்லாம் பாத்துக் குடுக்கறியாமே? அக்கா சொல்லுச்சி. நாங்கல்லாம் கிட்டவே போவ மாட்டோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் வீடு வீடாகப் போயிருக்கிறாள். என் தம்பி அங்கே கறுப்பு நோயாளிகளுக்குச் சேவை செய்கிறான், அது அவர்களுடைய மாத்திரை, கை மாறி வந்துவிட்டது என்று. கலா தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கு நீங்க சொன்னத நான் தப்பா எடுத்துக்கிட்டேண்ணா" என்றாள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அது அவளுக்கே தெரியும். சரோஜாம்மா என்னைப் பார்த்தார், பிறகு பீடத்தைப் பார்த்தார்.

பிரசங்கத்தில் சாமியார் அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு என்னிடம் வந்தார். நம்ம பங்கில் பிறந்த பிள்ளை, கடல் தாண்டி, யாரும் தொடாத ஏழை ஆப்பிரிக்கர்களின் புண்ணைத் துடைக்கிறார் என்றார். யார் புண்ணை யார் துடைத்தது! என் சட்டையை மாற்றியவர், என் வாந்தியைக் கழுவியவர் மார்செல். அங்கே அவர் ஒரு பெயரில்லாத நோயாளி ஆகிவிட்டார், நான் புண்ணியவான் ஆகிவிட்டேன்.

"ரெண்டு வார்த்த பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்.

போனேன். முந்நூறு முகம். முன்வரிசையில் அக்கா, ஜெபமாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எல்லா விடுதியிலும் ஜெபக்கூடத்திலும் பேசிய வாய் இது. சுகாதார அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய வாய்.

"எல்லாருக்கும் நன்றி" என்றேன். "வீட்ல டிபன் இருக்கு. அவசியம் எல்லாரும் வரணும்."

வந்தார்கள். வயிறாரச் சாப்பிட்டார்கள்.

6

பாத்திரம் கழுவும்போது கேட்டேன்.

"ஏங்க்கா அப்டி சொன்ன?"

"நீ ஃபிளைட்டு ஏறிப் போயிடுவ. நான் இந்தத் தெருவுலதான்டா இருந்தாவணும்." அடுத்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பத்தொம்போது வருஷம். யார்யாருக்கோ தெரியுது. எனக்குத் தெரியல. வேல ஜாஸ்தின்னு சொன்னியே, அது அந்த வருஷந்தானா?"

"அந்த வருஷந்தான்."

"யாரு பாத்துக்கிட்டா?"

"மார்செல்னு ஒருத்தர்."

"சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?" என்று கத்தினாள். தட்டை ஓங்கித் தொட்டியில் போட்டாள். வந்திருப்பாள். நான்தான் அவளை நம்பவில்லை. மீதி இருந்த பத்து நாளும் சோறு போட்டாள், துணி மடித்தாள், பூசையைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வந்த சனிக்கிழமை மார்செலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் அறிவிப்பு வரை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"அப்போ ஒங்க ஊர்ல நான் ஒன் நோயாளி" என்றார். "எப்படி இருக்கேன்? கொணமாயிட்டனா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கையை அசைத்துவிட்டு நாற்காலிகளைப் போடப் போனார். அவருக்கு எழுபது ஆகப்போகிறது. அவருடைய தீவில் அவர் வீட்டார் அவரைப் பற்றி என்ன கதை சொல்லி வைத்திருக்கிறார்களோ, நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று வகுப்பில் டப்பாவைத் தூக்கிக் காட்ட எனக்குக் கை வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். துவாலாவுக்குக் கிளம்பும் ஒருவர் மட்டும், "நானும் மாத்தித்தான் வெச்சிருக்கேன்" என்றார். இருவரும் சேர்ந்து அவருடைய மாத்திரையைப் பழைய டப்பாவில் போட்டோம்.

மைக்கில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நான் ஆண்களை நேசிக்கிறவன். அந்த மாத்திரை என்னுடையது. நான் யாருடைய புண்ணையும் துடைக்கவில்லை. நம்ம ஆட்களிடம் சொல்லப் பயந்து ஓடியவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டவர்கள் கறுப்பர்கள். நீங்கள் கையைப் பிடித்துச் சொன்ன நன்றியெல்லாம் அவர்களுக்குச் சேர வேண்டியது.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு தடவை "யக்கா" என்றேன். இரண்டு தடவையும் "ம்" என்றாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"அந்த மார்செலு. அது அவரு சொந்தப் பேரா?"

"ஆமா. போடச் சொல்லிட்டாரு."

"அது இருக்கட்டும்" என்றாள். "என் பேர எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.